பசை வைத்த ஒன்பது முடிச்சு: 1,299 ரூபாய் மந்திரக் கயிறு, என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை

ஆடி பிறந்த முதல் வாரம் அக்கா மகள் சென்னையிலிருந்து வந்தாள். பையிலிருந்து ஊறுகாய் பாட்டில் வரும் என்று பார்த்தால் கறுப்பு அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. மேலே வெள்ளியில் பிறை நிலா. "முடிச்சு மந்திரம் செய்யற செட் சித்தி. ஆன்லைன்ல வாங்கினேன். நூல் பார்க்கத் தெரிஞ்சவங்க நீங்கதான், நல்லதான்னு சொல்லுங்க" என்றாள். விலை 1,299 ரூபாய், அனுப்பும் செலவு 60 தனி. எங்கள் ஊரில் அந்தக் காசுக்கு நோன்புச் சரடு வாங்கினால் தெருவுக்கே கட்டிவிடலாம். அதை அவளிடம் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே இருந்தவை: கறுப்பு, சிவப்பு, வெள்ளை மூன்றும் சேர்த்து முறுக்கிய கயிறு ஒன்று, நாலடி நீளம், ஒன்பது முடிச்சோடு. சாயம் ஏற்றிய கோழி இறகு மூன்று. சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு மெழுகுவர்த்தி. வெல்வெட் சுருக்குப் பை. ஆங்கிலத்தில் அச்சடித்த வழவழ அட்டை. 'ஆயிரம் ஆண்டு ரகசியம்', 'கையால் செய்தது', 'இயற்கைப் பட்டு' என்று மூன்று பெருமை அதில் போட்டிருந்தது. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்த ஊர் திருபுவனம். அப்பா பட்டுத்தறி நெய்தார். கல்லூரி நூலகத்தில் வேலை கிடைக்கும்வரை எனக்கு வேலை தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவில், பழைய பாவின் இழையோடு புதுப்பாவின் இழையைச் சேர்ப்பதுதான். ஒரு பாவில் நாலாயிரத்துக்கு மேல் இழை இருக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு விரலால் முறுக்கிவிட வேண்டும். அங்கே முடிச்சுப் போடக் கூடாது, போட்டால் இழை நுழைகிற விழுதிலும், சீப்பு மாதிரி இருக்கிற பண்ணையிலும் போய்ச் சிக்கும். ஓடுகிற தறியில் அறுந்த இழைக்கு மட்டும்தான் முடிச்சு, அதுவும் கடுகை விடச் சின்னதாக. எது முடிச்சு, எது முறுக்கு, எங்கே எது என்று அடி வாங்கிக் கற்றுக்கொண்டவள் நான். 2019இல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா இல்லை. இருந்திருந்தால் இந்தக் கயிற்றைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

முதலில் 'இயற்கைப் பட்டு'. நுனியில் ஓர் இழையைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டினேன். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், மிஞ்சும் சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். இது உருகிச் சொட்டி, கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நின்றது. பாலியஸ்டர். அடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கயிற்றின் முனையைப் போட்டேன். அரைமணி நேரத்தில் வெள்ளை இழை ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. கையில் கட்டிக்கொண்டு ஆற்றில் குளித்தால் சட்டைக்கு வேறு சாயம் போட வேண்டாம்.

இதெல்லாம் சின்னக் குறை, பொறுத்துக்கொள்ளலாம். நூல் எந்த நூலானால் என்ன, அப்பாயி கிழிந்த வேட்டிக் கரையில் முடிந்துவைத்த காசுக்கும் சாமி கணக்கு வைத்துக்கொண்டார். என் சண்டை முடிச்சோடுதான். ஒன்பது முடிச்சையும் அவர்களே போட்டு அனுப்பியிருக்கிறார்கள்!

இந்த ஒன்பது முடிச்சு முறை என்னவென்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அபத்தம் என்று புரியும். அட்டையிலேயே செய்முறை இருக்கிறது. மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு, முடிச்சுக்கு ஒரு வரியாக ஒன்பது வரி சொல்ல வேண்டும். ஒரு முனையிலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டு போவதும் கிடையாது. முதல் முடிச்சு இந்த முனையில், இரண்டாவது அந்த முனையில், மூன்றாவது நட்டநடுவில். நாலாவது முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, ஐந்தாவது மறுபக்கத்து நடுவே. மீதி நாலும் மிச்சமிருக்கும் இடைவெளிகளில், இடமிருந்து வலமாக. முடித்துவிட்டுப் பார்த்தால் முடிச்சுகள் 1, 6, 4, 7, 3, 8, 5, 9, 2 என்று நிற்கும். எனக்கு இது பிடித்திருந்தது. நீளமான எதையும் சரிபாதி, பாதியில் பாதி என்று மடித்து அளக்கிறவர்கள்தானே நாங்கள். சொல்லும் கையும் ஒன்றாக ஓடினால்தான் அந்த வேலை நடக்கும். இங்கே வேலையை யாரோ ஒரு கம்பெனி ஆள் முடித்துவிட்டார். அவர் எந்த முடிச்சை முதலில் போட்டார், போடும்போது மதியச் சாப்பாட்டை நினைத்தாரா, வாடகையை நினைத்தாரா? கயிற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. தாலிச்சரட்டை மூன்று முடிச்சும் போட்டு, மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்று மளிகைக்கடையில் தொங்கவிட்டால் எப்படி இருக்கும்?

அட்டை 'ஆயிரம் ஆண்டு ரகசியம்' என்கிறது. அதிலும் கலப்படம்தான். இந்த ஒன்பது வரி இப்போது புழங்குகிற வடிவத்தில் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. பிரிட்டனில் சூனியம் தொடர்பான 1735ஆம் ஆண்டுச் சட்டத்தை 1951இல்தான் நீக்கினார்கள். அதற்கப்புறம், சூனியத்தையே மதமாகக் கைக்கொண்ட ஜெரால்ட் கார்ட்னர் போன்றவர்கள் வெளியே வந்து பேச, விக்கா என்று அக்கா மகள் சொல்கிற வழிபாடு பரவியது. அதில் கயிற்றுக்கு முக்கிய இடம் உண்டு. ஆனால் முடிச்சு வைத்து மந்திரிப்பது அதைவிடப் பல நூறு வருடம் பழசு. கம்பெனிக்காரர்கள் உண்மையான பழசை விட்டுவிட்டுப் புதுசைப் பழசென்று விற்கிறார்கள். கும்பகோணத்தில் நேற்று வார்த்த விளக்கைச் சோழர் காலத்தது என்று தலையில் கட்டுகிற ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள்.

பழசில் எனக்குப் பிடித்தது காற்று விற்றவர்கள் கதை. பாய்மரக் காலத்தில் ஐரோப்பாவின் வடக்குக் கரைகளில், பின்லாந்து, லாப்லாந்துப் பக்கம், ஐரிஷ் கடலில் மேன் தீவில், கப்பல்காரர்கள் சூனியக்காரர்களிடம் காசு கொடுத்துக் காற்று வாங்குவார்களாம். கயிற்றில் மூன்று முடிச்சு. முதல் முடிச்சை அவிழ்த்தால் மிதமான காற்று, இரண்டாவதை அவிழ்த்தால் பலமான காற்று, மூன்றாவதைத் தொட்டால் புயல். 1555இல் ஓலாஸ் மேக்னஸ் என்ற சுவீடன் பாதிரியார் வடநாட்டு மக்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இது படத்தோடு இருக்கிறது. நாகப்பட்டினத்தில் கட்டுமரம் ஓட்டிய ஒருவரிடம் இதைச் சொன்னேன். "வாடை, கச்சான், சோழகம், கொண்டல்னு எங்களுக்கு நாலு காத்து. மூணு முடிச்சு எப்படிப் பத்தும்?" என்று கேட்டுவிட்டு, மூன்றாவது முடிச்சை யாராவது அவிழ்த்தார்களா என்று கேட்டார். அவிழ்த்தவர்களைப் பற்றியும் கதை உண்டு, ஊர் போய்ச் சேரவில்லை என்றேன். "எல்லா ஊர்லயும் ஒருத்தன் இருப்பான்" என்றார்.

இந்தக் கதை எதற்கு என்றால், முடிச்சின் பாதி வேலை அவிழ்ப்பதில் இருக்கிறது. கட்டும்போது உள்ளே போவது, அவிழ்க்கும்போது வெளியே வர வேண்டும். நம் கயிற்றை அவிழ்த்துத்தான் பார்ப்போமே என்று மூன்றாவது முடிச்சில் நகத்தை வைத்தேன். அசையவில்லை. முப்பது வருடம் இழை பிடித்த நகம் இது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தேன். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சொட்டுப் பசை! கூரியரில் வரும்போது தளர்ந்துவிடக் கூடாது என்று போட்டிருப்பார்கள் போல. கோணி ஊசி, வெந்நீர், அக்கா மகளின் நகப்பூச்சு அழிக்கும் திரவம் எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் ஒரே ஒரு முடிச்சு அவிழ்ந்தது. காற்று ஒன்றும் வரவில்லை. மின்விசிறியும் அந்த நேரம் பார்த்து நின்றது, அது வேறு விஷயம், ஆடி மாத மின்வெட்டு.

அவிழ்ப்பது பற்றி இன்னொன்று. நூலகத்தில் என்னோடு வேலை பார்த்த நாகூர்க்காரர் ஒருவர் உண்டு, எங்களுக்கெல்லாம் அவர் 'நானா', அண்ணன் மாதிரி. பெட்டிப் படத்தை அனுப்பியதும் கூப்பிட்டார். குர்ஆனில் 113ஆவது அத்தியாயத்தில், முடிச்சுகளில் ஊதுகிறவர்களின் தீங்கிலிருந்து காப்பாற்று என்று வேண்டுகிற வசனம் இருக்கிறது என்றார். நபிகளுக்கு எதிராக ஒருவன் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துப் பதினோரு முடிச்சுப் போட்டுக் கிணற்றில் வைத்ததாகவும், 113, 114 இரண்டு அத்தியாயத்துக்கும் சேர்த்து இருக்கிற பதினோரு வசனத்தை ஓத ஓத, வசனத்துக்கு ஒன்றாக முடிச்சு அவிழ்ந்ததாகவும் மரபில் சொல்வார்களாம். "உங்க கயித்துல பசை இருக்குன்னா அவிழ்க்கிறவங்க பாடு கஷ்டம்தாம்மா" என்று சிரித்தார். பிறகு, கிண்டல் போதும், பிள்ளையிடம் இதையெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். கேட்டுக்கொண்டாளா தெரியாது.

இறகு விஷயத்துக்கு வருகிறேன். அட்டையில் இதற்குச் 'சூனியக்காரியின் ஏணி' என்று பெயர். கயிற்றில் இறகைச் செருகிக்கொண்டால் ஏணியாம். இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் வெலிங்டன் என்ற ஊரில் 1878இல் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, கூரைக்கடியில் ஆறு துடைப்பம், ஒரு பழைய நாற்காலி, கூடவே ஐந்தடிக் கயிறு ஒன்று கிடைத்தன. கயிறு நெடுக இறகு. வேலையாட்கள் பார்த்ததுமே சூனியக்காரியின் ஏணி என்றார்கள். 1887இல் அது நாட்டாரியல் இதழ் ஒன்றில் கட்டுரையாக வந்தது. எட்வர்ட் டைலர் என்ற மானிடவியல் அறிஞர் அந்தக் கயிற்றை அதே வருடம் மான்செஸ்டரில் ஒரு கூட்டத்தில் காட்டினார். கூட்டத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து, இது மான்களை ஒரு பக்கமாகத் திருப்பி விரட்டக் கட்டுகிற இறகுக் கயிறு என்று சொல்லிவிட்டார்களாம். பாவம் டைலர். நம் நாற்றங்காலில் குருவி வராமல் இருக்கப் பழைய கேசட் நாடாவைக் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டுவோமே, அதை நூறு வருடம் கழித்து ஒருவர் எடுத்துக் 'காவிரிக்கரைச் சூனியம்' என்று எழுதினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கயிறு 1911இலிருந்து ஆக்ஸ்போர்டில் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இறகுகளைக் கயிறு திரிக்கும்போதே புரிக்குள் வைத்திருக்கிறார்கள், பின்னால் செருகியது கிடையாது. நம் பெட்டியின் இறகைச் செருகப் புரியில் இடமே இல்லை, அவ்வளவு இறுக்கம். கடைசியில் செல்லோடேப் ஒட்டினாள் அக்கா மகள்.

இதையெல்லாம் பேசும்போது எங்கள் ஊர்ப் பக்கத்தை மறந்துவிட்டுப் பேச முடியாது. திருபுவனத்தில் சரபேஸ்வரர் சந்நிதியில் ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். அய்யாவாடியில் பிரத்யங்கிரா தேவிக்கு அமாவாசை யாகத்தில் மூட்டை மூட்டையாக மிளகாய் வற்றல் போடுவார்கள், நெடியே இருக்காது என்று போய்வந்தவர்கள் சத்தியம் செய்வார்கள். பில்லி, சூனியம், ஏவல் என்று பயந்து பேருந்து பிடித்து வருகிறவர்களின் முகம் எனக்குத் தெரியும். அதனால் சூனியம் என்ற சொல் இங்கே வெல்வெட் பையில் வருகிற விளையாட்டு கிடையாது. தமிழில் மந்திரத்துக்கே 'கட்டு' என்றுதான் பேர்: வாய்க்கட்டு, உடல்கட்டு, திக்குக்கட்டு. யாரோ கட்டியதை அவிழ்க்கத்தான் கோயில் கோயிலாக ஓடுகிறார்கள். முடிச்சை அவிழ்க்கிறவனைத் திருடன் என்று சொல்கிற பாஷையும் இதுதான். முந்தானையில் முடிந்த காசை அடிக்கிறவனைத்தானே முடிச்சவிழ்க்கி என்று திட்டினார்கள்.

ஒன்பது முடிச்சும் நமக்குப் புதிதில்லை. கும்பகோணத்தில் நான் குடியிருந்த வீட்டுக்கார மாமி வரலட்சுமி நோன்புக்கு ஒன்பது இழை, ஒன்பது முடிச்சில் சரடு செய்வார். மஞ்சளில் தோய்த்து, மனையில் வைத்து, முடிச்சுக்கு ஒரு பேராக, கமலா, ரமா, லோகமாதா என்று ஒன்பது பேர் சொல்லி அட்சதை போடுவார். அப்புறம்தான் கையில் கட்டுவது. அக்கா மகள் இதைக் கேட்டு, "அப்போ அங்கே இருந்துதான் இங்கிலாந்துக்குப் போச்சா சித்தி?" என்று கண்ணை விரித்தாள். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்றேன். ஒன்பது என்கிற எண் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

தாலி முடிச்சிலும் அவளுக்கு ஒரு கதை வைத்திருந்தேன். இங்கே மூன்று முடிச்சு விழுந்தால் கல்யாணம். மாப்பிள்ளை ஒன்று போட, மீதியை நாத்தனார் போடுவது எங்கள் பக்க வழக்கம். பிரான்சில் 16ஆம் நூற்றாண்டு வாக்கில் இது தலைகீழ். கல்யாணம் நடக்கிற நேரத்தில் வேண்டாதவன் யாராவது ரகசியமாக ஒரு நாடாவில் முடிச்சுப் போட்டால் மாப்பிள்ளைக்கு ஆண்மை கட்டிப்போகும் என்று நடுங்கினார்கள். அதற்குப் பயந்து ஊருக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் உண்டாம். ஸ்காட்லாந்தில் சில இடங்களில் மணமக்களின் உடுப்பில் இருக்கிற முடிச்சு எல்லாவற்றையும் சடங்குக்கு முன்னால் தளர்த்திவிடுவார்கள். பிரசவ வேளையில் வீட்டு முடிச்சுகளை அவிழ்த்து, பூட்டைத் திறந்து வைக்கிற வழக்கமும் ஐரோப்பாவில் பல இடங்களில் இருந்திருக்கிறது. பெட்டியின் அட்டையில் இதில் ஒரு வரிகூட இல்லை. 'உங்கள் கனவு நிறைவேறும்' என்று மட்டும் ஆறு இடத்தில் இருக்கிறது, எண்ணிவிட்டேன்.

எனக்கு நேரடியாகத் தெரிந்த முடிச்சு ஒன்றே ஒன்று. ஏழு வயதில் எனக்குக் காய்ச்சல் ஒரு வாரம் இறங்கவில்லை. அப்பாயி மஞ்சளில் நனைத்த துணியில் நாலணாவை வைத்து, "வைத்தீஸ்வரா, புள்ள எழுந்து உக்காரட்டும், கொண்டாந்து போடறேன்" என்று முடிந்து, சாமி மாடத்து ஆணியில் கட்டினார். டாக்டர் ஊசியும் போட்டார், அதை மறைக்கவில்லை. எழுந்தேன். ஆனால் அறுவடை, அப்பாவின் தறி, யாரோ கல்யாணம் என்று கோயிலுக்குப் போவது தள்ளிக்கொண்டே போனது. இரண்டு வருடம் அந்த முடிச்சு ஆணியில் இருந்தது. ஒட்டடை அடிக்கிறவர்கள்கூட அதைச் சுற்றித்தான் அடிப்பார்கள். ஒரு நாள் வீட்டில் சில்லறை இல்லாமல் அம்மா அதைப் பார்த்ததற்கு அப்பாயி பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. கடைசியில் வைத்தீஸ்வரன்கோயிலில் உண்டியல் முன்னால் நின்று அப்பாயிதான் அவிழ்த்தார். துணி இற்றுப்போய்ப் பச்சை ஏறியிருந்தது. பசை போடாத முடிச்சு.

பெட்டியில் நல்லது எதுவுமே இல்லையா என்றால், உண்டு. வெல்வெட் பையின் தையல் சுத்தம், என் மூக்குக்கண்ணாடிக்கு அளவாக இருக்கிறது. மெழுகுவர்த்தி மின்வெட்டில் இருபது நிமிடம் எரிந்தது. ஒன்பது முடிச்சின் வரிசைப் படத்தைத் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அந்த அட்டையை மட்டும் பத்து ரூபாய்க்கு விற்று, "நூல் உங்கள் வீட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

ஆடிப்பெருக்கன்று அவளையும் கூட்டிக்கொண்டு கும்பகோணத்தில் காவிரியின் பகவத் படித்துறைக்குப் போனேன். தண்ணீர் படி ஏறி ஓடிக்கொண்டிருந்தது. காதோலை கருகமணி, வெற்றிலை, காப்பரிசி, கூட்டம், போலீஸ் விசில், எல்லாம் வழக்கம் போல. வாசலில் ஒரு பாட்டியிடம் பத்து ரூபாய்க்கு மஞ்சள் சரடு ஒரு கொத்து வாங்கினோம். பாட்டி ஒரு நூலில்கூட முடிச்சுப் போட்டு வைக்கவில்லை. ஈரக் கையோடு நான் அவளுக்குக் கட்ட, அவள் எனக்குக் கட்டினாள். அவள் போட்டது பெண் முடிச்சு, இழுத்தால் வந்துவிடும். மறுபடி போடச் சொன்னேன். பக்கத்தில் நின்ற முகம் தெரியாத அம்மா ஒருவர் கையை நீட்டி, "எனக்கும் கட்டிவிடு பாப்பா" என்றார். அவருக்குச் சரியாகப் போட்டாள்.

அன்று சாயங்காலம் பெட்டியைத் திருப்பி அனுப்பலாம் என்று கம்பெனிக்கு எழுதினோம். பட்டு இல்லை, சாயம் போகிறது, முடிச்சில் பசை என்று மூன்றையும் படத்தோடு அனுப்பினாள். இரண்டு நாளில் பதில் வந்தது: "பொருளின் முடிச்சு ஒன்று அவிழ்க்கப்பட்டிருப்பதால் திரும்பப் பெற இயலாது."